ஒரு சோறு பதம்: டிரிப்டோபேன் தீர்ந்துவிட்டதை பாக்டீரியா எப்படி அறிகிறது

இண்டோல் சோதனை நடக்கும் நாள் என்றால் எங்கள் கல்லூரி ஆய்வகத்து வாசலிலேயே தெரிந்துவிடும். முதல் நாள் மாணவர்கள் சோதனைக் குழாயில் டிரிப்டோன் கரைசலை ஊற்றி, கம்பி வளையத்தால் ஈ. கோலை பாக்டீரியாவைத் தொட்டு அதில் விட்டு, 37 டிகிரி சூட்டில் வைத்துவிட்டுப் போவார்கள். மறுநாள் பஞ்சு அடைப்பை எடுத்ததும் குப்பென்று ஒரு வாடை. கோவாக்ஸ் கரைசலை நாலைந்து சொட்டு விட்டு லேசாக ஆட்டி நிறுத்தினால், திரவத்தின் தலையில் மருதாணி வைத்த விரல்நுனி போல ஒரு சிவப்பு வளையம் ஏறி நிற்கும். கரைசலில் உள்ள டிரிப்டோபேனை உடைத்து பாக்டீரியா வெளிவிடும் இண்டோல் என்ற பொருள் இருக்கிறது என்பதற்கு அதுதான் சாட்சி.

போன பருவத்தில் சிலைமான் பக்கமிருந்து வரும் ஒரு மாணவி, முகர்ந்து பார்க்கக் கூடாது என்று சொல்லியிருந்தும் குழாயை மூக்கருகே கொண்டுபோய்விட்டாள். நான் அதட்டுவதற்குள், "சார், பூ மூட்டைய விக்காம ரெண்டு நாள் கட்டிப் போட்டா இப்படித்தான் அடிக்கும்" என்றாள். அவள் வீட்டில் மல்லித் தோட்டம் உண்டு. விடியுமுன் பறித்து மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்கு அனுப்புகிற குடும்பம். அன்றைக்கு அவளைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை, ஏனென்றால் அவள் சொன்னது சரி. மல்லிகை மணத்தில் இண்டோல் இருக்கிறது. துளியூண்டு இருந்தால் பூ வாசனை, செறிவாக இருந்தால் கழிவு வாடை. மெத்தில் ஆந்த்ரனிலேட் என்று இன்னொரு பொருளும் அந்த மணத்தில் உண்டு. 2013இல் புவிசார் குறியீடு வாங்கிய நம் மதுரை மல்லியின் வாசனையில், டிரிப்டோபேன் என்ற அமினோ அமிலத்தைச் செய்யும் பாதையைச் சேர்ந்த சரக்கு இரண்டு கலந்திருக்கிறது என்று இதைச் சொல்லலாம். ஆந்த்ரனிலேட் அந்தப் பாதையில் முதல் படி. இண்டோல் கடைசிப் படிக்கு முந்தியது.

அன்று வகுப்பு அங்கிருந்து டிரிப்டோபேனுக்குப் போனது. இந்தக் கட்டுரையும் அப்படியே போகிறது.

புரதங்களைக் கட்டும் 20 அமினோ அமிலங்களில் அதிகச் செலவு பிடிப்பது டிரிப்டோபேன்தான். ஒரு டிரிப்டோபேன் மூலக்கூறைச் செய்ய ஈ. கோலை சுமார் 74 உயர் ஆற்றல் பாஸ்பேட் பிணைப்புகளைச் செலவழிக்கிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். கிளைசினுக்கு 12 போதும். இவ்வளவு விலை கொடுத்துச் செய்தாலும் அது தேவைப்படுவது கொஞ்சம்தான். புரதத்தில் உள்ள அமினோ அமிலங்களை வரிசையாக எண்ணினால் நூற்றுக்கு ஒன்றோ ஒன்றரையோ டிரிப்டோபேன் வரும். ஆனால் அந்த ஒன்று இல்லாவிட்டால் புரதமே முடியாது. நம் உடலால் இதைச் செய்யவே முடியாது. பருப்பு, பால், முட்டை, மீன் என்று சாப்பாட்டிலிருந்துதான் வர வேண்டும். பாக்டீரியாவால் முடியும். அதனால்தான் அதற்கு நமக்கு இல்லாத ஒரு கவலை இருக்கிறது: எப்போது செய்வது, எப்போது நிறுத்துவது?

ஈ. கோலை இருக்கும் இடத்தை நினைத்துப் பாருங்கள். நம் குடல். மதியம் பருப்புச் சாம்பாரும் தயிரும் இறங்கினால் அங்கே அமினோ அமிலத்துக்குக் குறைவில்லை. இராத்திரிக்குள் அது தீர்ந்துவிடும். வெளியேறி வாய்க்காலிலோ வைகையிலோ விழுந்தால் சுத்தமாக ஒன்றும் கிடையாது. நல்ல சூழலில் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பிரியும் உயிர் அது. கிடைக்கும்போதும் செய்துகொண்டே இருந்தால் சிக்கனமான பக்கத்து பாக்டீரியா முந்திவிடும். கிடைக்காதபோது செய்யத் தாமதித்தால் வளர்ச்சி நின்றுவிடும்.

இதற்கு ஈ. கோலை மூன்று ஏற்பாடுகளை வைத்திருக்கிறது. முதல் இரண்டைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன், எனக்கு மூன்றாவதில்தான் ஆசை.

முதலாவது உடனடித் தடை. டிரிப்டோபேன் அதிகமாகிவிட்டால், பாதையின் முதல் நொதியின் மேல் அதுவே போய் உட்கார்ந்து வேலையை நிறுத்துகிறது. அடுப்பை அணைக்கவில்லை, தீயைக் குறைத்தாயிற்று. இதை 1954இல் எழுதியவர்கள் ஆரன் நோவிக்கும் லியோ சிலார்டும். அணுக்கருத் தொடர்வினை என்ற யோசனையை 1933இல் முன்வைத்த அதே சிலார்ட்தான். இயற்பியலை விட்டு உயிரியலுக்கு வந்து, பாக்டீரியாவை ஒரே வேகத்தில் வளர்த்துக்கொண்டே இருக்கும் கருவி ஒன்றை நோவிக்கோடு சேர்ந்து உருவாக்கி, அதில் இதைப் பார்த்தார்.

ஆனால் நொதியின் வேலையை நிறுத்தினால் போதுமா? நொதியைச் செய்வதே செலவுதானே. இரண்டாவது ஏற்பாடு இங்கே வருகிறது. டிரிப்டோபேனைச் செய்யத் தேவையான ஐந்து மரபணுக்கள் ஈ. கோலையின் டி.என்.ஏ.வில் ஒன்றையொட்டி ஒன்றாக வரிசையாக இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் ஒரே தொடக்கம், ஒரே நீளமான ஆர்.என்.ஏ. படி, ஏறக்குறைய 7,000 எழுத்து நீளம். இப்படிக் கூட்டுக் குடும்பமாக இருக்கும் மரபணுத் தொகுப்புக்கு ஓப்பரான் என்று பெயர். பிரான்சின் ஃபிரான்சுவா ஜேக்கப்பும் ஜாக் மோனோவும் 1961இல் ஓப்பரான் கொள்கையை விரிவாக எழுதினார்கள். 1965இல் ஆந்த்ரே லுவோஃபோடு சேர்ந்து நோபல் பரிசு பெற்றார்கள்.

இந்த ஓப்பரானின் வாசலுக்கு ஒரு காவல் புரதம் உண்டு. அடக்கி என்போம். அது சும்மா இருக்கும்போது டி.என்.ஏ.வைப் பிடிக்கத் தெரியாது. இரண்டு டிரிப்டோபேன் மூலக்கூறுகள் அதில் ஏறி உட்கார்ந்தால் அதன் உருவம் சற்றுத் திருகி, இரண்டு கைகளும் டி.என்.ஏ.வின் பள்ளத்தில் கச்சிதமாகப் பொருந்தும். வாசல் மூடிவிடும். டிரிப்டோபேன் குறைந்தால் அது அடக்கியை விட்டு இறங்கும், கை நழுவும், வாசல் திறக்கும். பால் சர்க்கரையான லாக்டோஸை உடைக்கும் மரபணுத் தொகுப்பு, அதாவது லேக் ஓப்பரான் படித்த மாணவர்கள் இங்கே குழம்புவார்கள். அங்கே லாக்டோஸ் வந்தால் கதவு திறக்கிறது, இங்கே டிரிப்டோபேன் வந்தால் கதவு மூடுகிறது. யோசித்தால் நியாயம்தான்: லாக்டோஸ் உடைத்துச் சாப்பிட வேண்டிய பொருள், வந்தால்தான் வேலை. டிரிப்டோபேன் செய்ய வேண்டிய பொருள், வந்துவிட்டால் வேலையில்லை.

பாடப்புத்தகம் பல இடங்களில் இதோடு நின்றுவிடுகிறது. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் சார்லஸ் யனோஃப்ஸ்கி நிற்கவில்லை.

நாகமலைப் புதுக்கோட்டையில் இருக்கும் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் படித்த நாட்களில்தான் அந்தப் பெயரை நான் முதலில் கேட்டேன். 1925இல் பிறந்து 2018இல் மறைந்த அவர், வாழ்நாளின் பெரும்பகுதியை இந்த ஒரே அமினோ அமிலத்தின் பாதையோடு கழித்தவர். மரபணுவில் எழுத்துகளின் வரிசையும் புரதத்தில் அமினோ அமிலங்களின் வரிசையும் ஒன்றுக்கொன்று நேராகப் பொருந்துகின்றன என்று 1964இல் அவர் குழு காட்டியதுகூட டிரிப்டோபேனைச் செய்யும் நொதியை வைத்துத்தான். ஒரே இடத்தில் தோண்டிக்கொண்டே இருந்தால் தண்ணீர் வரும் என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம் அவர்.

அவருக்கு உறுத்திய விஷயம் இது. அடக்கிப் புரதமே இல்லாத பிறழ்ந்த பாக்டீரியாவை எடுத்துக்கொண்டார்கள். வாசலுக்குக் காவல் இல்லை, கதவு எப்போதும் திறந்தே கிடக்கிறது. அப்படியானால் டிரிப்டோபேன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நொதி ஒரே அளவில்தானே இருக்க வேண்டும்? இல்லை. டிரிப்டோபேனுக்குப் பட்டினி போட்டால் உற்பத்தி இன்னும் ஏறியது. காவல்காரர் இல்லாத வீட்டில் யாரோ கதவைப் பாதி சாத்தி வைத்திருந்தார்கள். 1973இல் எத்தல் ஜாக்சனும் யனோஃப்ஸ்கியும் அடுத்த தடயத்தைக் கொடுத்தார்கள். வாசலுக்கும் முதல் மரபணுவுக்கும் இடையில் இருக்கும் டி.என்.ஏ. துண்டு தொலைந்துபோன பாக்டீரியாக்களில், அடக்கி இருந்தாலும் இல்லாவிட்டாலும், உற்பத்தி கூடியிருந்தது. வேலையற்றது என்று நினைத்த அந்த இடைவெளியில் ஏதோ ஒரு தடை ஒளிந்திருக்கிறது என்று அர்த்தம்.

அந்த இடைவெளி 162 எழுத்து நீளம். முன்பகுதி என்று வைத்துக்கொள்வோம். டிரிப்டோபேன் நிறைய இருக்கும்போது, வாசலைத் தாண்டி உள்ளே வந்த ஆர்.என்.ஏ. பாலிமரேஸ்களில், அதாவது டி.என்.ஏ.வைப் படித்து ஆர்.என்.ஏ. படியெடுக்கும் நொதிகளில், பெரும்பாலானவை ஏறக்குறைய 140ஆவது எழுத்தில் படியெடுப்பதை நிறுத்திவிட்டு டி.என்.ஏ.வை விட்டு இறங்கிவிடுகின்றன. முதல் மரபணுவைத் தொடுவதே இல்லை. நூற்றுக்கு பத்துப் பதினைந்துதான் தப்பித்து மேலே போகின்றன. டிரிப்டோபேன் கடுமையாகக் குறைந்தால் ஏறக்குறைய எல்லாமே போகின்றன.

எப்படித் தெரிகிறது பாலிமரேஸுக்கு? அடக்கியும் அங்கே இல்லை, டிரிப்டோபேனைத் தொட்டுப் பார்க்கும் வேறு புரதமும் இல்லை.

முன்பகுதியின் எழுத்துகளைப் படித்தபோது விடை கிடைத்தது. அதற்குள் ஒரு குட்டிப் புரதத்துக்கான செய்தி இருக்கிறது. மொத்தம் 14 அமினோ அமிலம். இந்தப் புரதத்தால் செல்லுக்கு ஒரு பயனும் இல்லை, செய்ததும் சிதைந்துவிடும். ஆனால் அதன் 10ஆவது இடத்திலும் 11ஆவது இடத்திலும் அடுத்தடுத்து இரண்டு டிரிப்டோபேன் இருக்கிறது. நூற்றில் ஒன்று வரும் அரிய பொருள், 14க்குள் இரண்டு, அதுவும் தோளோடு தோள் சேர்ந்து. இது தற்செயலாக வந்திருக்க முடியாது.

நம் வீட்டில் சோறு வெந்துவிட்டதா என்று அம்மா எப்படிப் பார்ப்பாள்? பானைக்குள் கைவிட்டு எல்லாச் சோற்றையும் அளக்கமாட்டாள். கரண்டியில் கொஞ்சம் எடுத்து, அதில் ஒரு பருக்கையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து நசுக்குவாள். நடுவில் அரிசி தட்டுப்பட்டால் இன்னும் வேக வேண்டும். மசிந்தால் வடிக்கலாம். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம். ஈ. கோலை அந்த 14 அமினோ அமிலப் புரதத்தை வைத்துச் செய்வது அதேதான். டிரிப்டோபேன் எவ்வளவு இருக்கிறது என்று அது கிடங்கில் போய் எண்ணுவதில்லை. ஒரு சின்னப் புரதத்தைச் செய்துபார்க்கிறது. செய்வதில் தடங்கல் வருகிறதா, வரவில்லையா என்பதுதான் அதன் கேள்வி.

அந்தத் தடங்கல் பாலிமரேஸின் காதுக்கு எப்படிப் போகிறது என்பதில்தான் என் மாணவர்கள் ஆண்டுதோறும் விழுகிறார்கள். தேர்வில் 1-2, 2-3, 3-4 என்று படம் வரைந்து, எது எப்போது என்பதை மாற்றி எழுதிவிடுவார்கள். மனப்பாடம் செய்தால் மாறத்தான் செய்யும். அதனால் இப்போதெல்லாம் வகுப்புக்கு வாழைநார் கொண்டுபோகிறேன், பூக்கட்டுகிற நார். ஒரு முழ நாரில் நான்கு இடங்களில் வண்ணக் காகிதம் ஒட்டி 1, 2, 3, 4 என்று எழுதிவிடுவேன். வீட்டில் நார் இல்லாவிட்டால் ஒரு காகிதப் பட்டையே போதும், நீங்களும் செய்து பாருங்கள்.

இந்த நார்தான் முன்பகுதியின் ஆர்.என்.ஏ. ஆர்.என்.ஏ.வின் எழுத்துகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும்: ஏ-வும் யூ-வும், ஜி-யும் சி-யும். 2ஆம் துண்டின் எழுத்துகள் 1ஆம் துண்டோடும் பொருந்தும், 3ஆம் துண்டோடும் பொருந்தும். 3ஆம் துண்டு 2ஓடும் பொருந்தும், 4ஓடும் பொருந்தும். ஒரு நேரத்தில் ஒருவரோடுதான். இரண்டு துண்டுகள் சேர்ந்துகொண்டால் நடுவில் உள்ள நார் வளைந்து கொண்டை ஊசி போல நிற்கும். கொடைக்கானல் மலைப்பாதையின் வளைவை நினைத்துக்கொள்ளலாம். இந்த ஊசிகளில் ஆபத்தானது 3ம் 4ம் சேர்ந்து வருவது. ஜி-யும் சி-யும் நிறைந்த இறுக்கமான ஊசி அது, உடனே பின்னால் வரிசையாக யூ எழுத்துகள். இறுக்கமான ஊசி உருவாகி, அதற்குப் பின்னால் டி.என்.ஏ.வைத் தளர்வாகப் பிடித்திருக்கும் யூ வரிசை வந்தால், பாலிமரேஸின் பிடி விட்டுப்போகும். ஆர்.என்.ஏ. கழன்றுவிடும். கதை முடிந்தது.

இப்போது ரைபோசோம். ஒரு மாணவனின் விரல்தான் ரைபோசோம். பாலிமரேஸ் முன்னால் நாரை வெளியே விட்டுக்கொண்டே போகும், ரைபோசோம் பின்னாலேயே அதைப் படித்துப் புரதம் செய்துகொண்டு வரும். இரண்டு டிரிப்டோபேனுக்கான குறியும் 1ஆம் துண்டுக்குள் இருக்கின்றன. குட்டிப் புரதத்தின் முற்றுப்புள்ளி 1க்கும் 2க்கும் நடுவில்.

டிரிப்டோபேன் நிறைய இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். டிரிப்டோபேனை ரைபோசோமுக்குச் சுமந்துவரும் கடத்தி ஆர்.என்.ஏ.க்கள் சரக்கோடு தயாராக நிற்கும். விரல் தடையின்றி 1ஆம் துண்டைக் கடந்து முற்றுப்புள்ளி வரை வந்து நிற்கிறது. ரைபோசோம் ஆள் பெரிது. முற்றுப்புள்ளியில் நிற்கும்போதே அதன் உடம்பு 2ஆம் துண்டின் மேல் படிந்துவிடும். 2 மறைந்துபோனால் 3க்குத் துணை யார்? பின்னால் வரும் 4 மட்டும்தான். 3-4 ஊசி விழுகிறது. பாலிமரேஸ் இறங்குகிறது. டிரிப்டோபேன் செய்யும் நொதிகள் வேண்டாம்.

டிரிப்டோபேன் கடுமையாகக் குறைந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். விரல் 1ஆம் துண்டில் டிரிப்டோபேன் குறியில் வந்து நின்றுவிடுகிறது. சரக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும். அடுத்த குறியும் டிரிப்டோபேன், அங்கேயும் காத்திருப்பு. இதற்குள் பாலிமரேஸ் 2ஐயும் 3ஐயும் வெளியே விட்டுவிட்டது. 1 ரைபோசோமின் அடியில் மாட்டிக்கொண்டது, 2 சும்மா நிற்கிறது, 3 வந்ததும் இரண்டும் சேர்ந்துகொள்கின்றன. பின்னால் 4 வரும்போது 3 ஏற்கெனவே பிடிபட்டுவிட்டது. ஆபத்தான ஊசி விழ வழியில்லை. பாலிமரேஸ் தடையின்றி ஐந்து மரபணுக்களையும் படியெடுத்துக்கொண்டே போகிறது.

இதைச் செய்துகாட்டியதும் வகுப்பில் ஒரு நிமிடம் சத்தமே இருக்காது. அப்புறம் யாராவது ஒருவர் நாரைத் தன் கையில் வாங்கி மறுபடி செய்து பார்ப்பார். அதற்காகவே இந்தப் பாடத்தை ஒவ்வோர் ஆண்டும் எதிர்பார்த்துக் காத்திருக்கிறேன். எதையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ரைபோசோம் எங்கே நிற்கிறது என்று மட்டும் கேட்டால் போதும், மற்றது தானே வந்துவிடும்.

இந்த வித்தை நடக்க வேகம் ஒத்துப்போக வேண்டும். ஈ. கோலையின் பாலிமரேஸ் வினாடிக்கு 40, 50 எழுத்து படியெடுக்கும். ரைபோசோம் வினாடிக்கு 15 அமினோ அமிலம் அளவில் கோக்கும். ஒன்றுக்கு மூன்று எழுத்து என்றால் அதுவும் அதே வேகம்தான். ஆக இந்தத் தீர்ப்பு முழுவதும் சில வினாடிகளுக்குள் எழுதப்படுகிறது. ஆனால் பாலிமரேஸ் கொஞ்சம் முந்திப் போய்விட்டால் கணக்குத் தப்பிவிடும் அல்லவா? அதற்கும் வழி இருக்கிறது. 1ம் 2ம் முதலில் வெளியே வந்ததும் அவை சேர்ந்து ஒரு ஊசி போடுகின்றன. அந்த ஊசி பாலிமரேஸைச் சற்று நேரம் நிறுத்திவைக்கிறது. பின்னால் வரும் ரைபோசோம் அந்த ஊசியைப் பிரித்துக்கொண்டு வரும்போது பாலிமரேஸ் மறுபடி நகர்கிறது. கூட வருகிறவருக்காகத் திருப்பத்தில் நின்று கூட்டிக்கொண்டு போவது மாதிரி. 1-2 ஊசி எதற்கு என்று பரீட்சையில் கேட்டால் இதுதான் விடை.

ரைபோசோம் வரவே இல்லை என்றால்? புரத வேலையே நின்றுபோன செல்லில் 1-2 ஊசி பிரியாமல் கிடக்கும், 3-4 ஊசி விழும், படியெடுப்பு நிற்கும். இதுவும் நியாயம்தான். புரதமே செய்ய முடியாதபோது டிரிப்டோபேனை மட்டும் செய்து என்ன பயன்?

இந்த ஏற்பாடு நம் செல்லில் நடக்காது. நம்முடைய டி.என்.ஏ. கருவுக்குள் இருக்கிறது, அங்கே ஆர்.என்.ஏ. எழுதி முடித்து, ஒட்டு வெட்டு எல்லாம் ஆகி, வெளியே வந்த பிறகுதான் ரைபோசோமைச் சந்திக்கும். எழுதுகிறவரும் படிக்கிறவரும் ஒரே மேசையில் இல்லை. பாக்டீரியாவில் கரு கிடையாது. எழுத எழுதவே படிக்கலாம். எளிய உயிர் என்று நாம் சொல்லும் அந்த எளிமையே இங்கே அதற்கு வசதி.

சரி, வாசலில் அடக்கி இருக்கும்போது உள்ளே இன்னொரு தடை எதற்கு? இரண்டும் ஒரே கேள்வியைக் கேட்பதில்லை. அடக்கி கேட்பது, "டிரிப்டோபேன் இருக்கிறதா?" முன்பகுதி கேட்பது, "அது வேலைக்கு வந்து சேர்கிறதா?" டிரிப்டோபேன் இருந்தும் கடத்தி ஆர்.என்.ஏ.வில் ஏற்றப்படாமல் இருந்தால், ரைபோசோமுக்கு அது இல்லாததுதான். கடையில் அரிசி இருக்கிறது என்பதும் உலையில் அரிசி இருக்கிறது என்பதும் ஒன்றா?

அளவிலும் வேறுபாடு உண்டு. அடக்கியால் உற்பத்தியை சுமார் 70 மடங்கு கூட்டிக் குறைக்க முடியும். முன்பகுதியால் சுமார் 10 மடங்கு. இரண்டும் பெருக்கலாகச் சேர்வதால் மொத்த வீச்சு 700 மடங்கை ஒட்டி வருகிறது. டிரிப்டோபேன் கொஞ்சம் குறைந்தாலே அடக்கி விலகத் தொடங்கும். முன்பகுதித் தடை அப்படி எளிதில் விலகாது. தட்டுப்பாடு கடுமையானால்தான் விலகும். வைகை அணையில் 66 அடிக்கு முதல் எச்சரிக்கை, 68.5 அடிக்கு இரண்டாவது, 69 அடிக்கு மூன்றாவது என்று படிப்படியாக வைத்திருக்கிறார்களே, அப்படி. அங்கே நீர் ஏற ஏற, இங்கே சரக்கு குறையக் குறைய.

யனோஃப்ஸ்கி குழு கண்ட இந்த முறைக்கு அட்டெனுவேஷன் என்று பெயர், தமிழில் தணிப்பு எனலாம். டிரிப்டோபேனோடு அது நின்றுவிடவில்லை. ஹிஸ்டிடின் ஓப்பரானின் முன்பகுதிப் புரதத்தைப் பார்த்தால் ஏழு ஹிஸ்டிடின் ஒரே வரிசையில் நிற்கின்றன. ஃபீனைல் அலனினுக்கு 15 அமினோ அமிலப் புரதத்தில் ஏழு. லியூசினுக்கு நான்கு அடுத்தடுத்து. எந்தப் பொருள் இருக்கிறதா என்று தெரிய வேண்டுமோ, அந்தப் பொருளையே அள்ளிப் போட்டு ஒரு மாதிரிப் பதார்த்தம் செய்து பார்ப்பது. ஈ. கோலை இந்த வித்தையைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தியிருக்கிறது.

ஆனால் எல்லா பாக்டீரியாவும் இதே வழியில் போகவில்லை என்பது எனக்கு இன்னும் பிடித்த விஷயம். அறுவடை முடிந்து மேலூர்ப் பக்கம் களத்தில் வைக்கோல் போர் போட்டிருப்பார்கள். அந்த வைக்கோலிலும் மண்ணிலும் பேசில்லஸ் சப்டிலிஸ் என்ற பாக்டீரியா உண்டு. அதற்கும் டிரிப்டோபேன் ஓப்பரான் உண்டு, முன்பகுதியும் உண்டு, அதில் ஒன்றுக்கொன்று போட்டியிடும் ஊசிகளும் உண்டு. ஆனால் தீர்ப்புச் சொல்வது ரைபோசோம் இல்லை. டிராப் என்ற ஒரு புரதம். 11 ஒரே மாதிரித் துண்டுகள் கைகோத்து ஒரு வளையமாக நிற்கின்றன. துண்டுகளுக்கு இடையே உள்ள 11 இடுக்குகளிலும் டிரிப்டோபேன் வந்து உட்கார்ந்தால், முன்பகுதி ஆர்.என்.ஏ. அந்த வளையத்தைச் சுற்றிக்கொள்கிறது. ஆர்.என்.ஏ.வில் மூன்றெழுத்துக் குறி ஒன்று இடைவெளி விட்டு 11 முறை வருகிறது. ஒவ்வொன்றும் வளையத்தின் ஒவ்வொரு துண்டைப் பிடித்துக்கொள்ளும். அதன் படத்தை முதலில் பார்த்தபோது எனக்குக் கொண்டையைச் சுற்றி வைத்த மல்லிகைச் சரம்தான் ஞாபகம் வந்தது, அதைவிடப் பொருத்தமாகச் சொல்லத் தெரியவில்லை. அப்படிச் சுற்றிக்கொண்ட ஆர்.என்.ஏ.வால் காப்பாற்றும் ஊசியைப் போட முடியாது. நிறுத்தும் ஊசி விழுகிறது.

தயிரில் இன்னொரு வழி. பாலில் உறை ஊற்றும்போது போகும் லாக்டோகாக்கஸ் லாக்டிஸில், கடத்தி ஆர்.என்.ஏ.வே நேரடியாக வந்து முன்பகுதி ஆர்.என்.ஏ.வைத் தொடுகிறது. ஒரு முனையால் தன் குறியைப் பொருத்திக்கொள்ளும். மறுமுனை வெறுமையாக இருந்தால், அதாவது டிரிப்டோபேன் ஏறாமல் இருந்தால், அந்த முனையும் முன்பகுதியில் ஒட்டிக்கொண்டு நிறுத்தும் ஊசி விழாமல் தடுக்கும். சரக்கு ஏறியிருந்தால் அந்த முனை ஒட்டாது. ரைபோசோமும் வேண்டாம், புரதமும் வேண்டாம். வெறுங்கையோடு வந்தவனே கையை விரித்துக் காட்டுகிறான். டி-பெட்டி எனப்படும் இந்த முறையை, டைரோசின் தொடர்பான ஒரு மரபணுவை ஆராய்ந்தபோது, 1993இல் டினா ஹென்கினும் ஃபிராங்க் கிரண்டியும் விளக்கினார்கள்.

குடலில் ஒன்று, வைக்கோலில் ஒன்று, தயிரில் ஒன்று. மூன்றுக்கும் ஒரே தேவை, மூன்றுக்கும் ஆர்.என்.ஏ. ஊசிதான் கருவி, ஊசியைத் திருப்புகிற கை மட்டும் வேறு வேறு.

இதெல்லாம் பாக்டீரியாவின் வீட்டுக் கணக்கு என்று விட்டுவிட முடியாது. நோயிலும் இந்தக் கணக்கு வருகிறது. நம் உடலுக்குள் கிருமி புகுந்தால், எதிர்ப்புச் செல்கள் காமா இன்டர்ஃபெரான் என்ற செய்தியை அனுப்பும். அது வந்து சேர்ந்ததும் தாக்கப்பட்ட செல், தன்னிடம் இருக்கும் டிரிப்டோபேனையே உடைத்துத் தீர்க்கத் தொடங்கும். உள்ளே இருக்கும் கிருமியைப் பட்டினி போடும் உத்தி. செல்லுக்குள்ளேயே வாழும் கிளமிடியா டிரக்கோமாடிஸ் இந்தப் பட்டினியில் மாட்டும் கிருமி. கண் இமையின் உட்புறத்தைச் சொரசொரப்பாக்கி, கடைசியில் பார்வையையே பறிக்கும் டிரக்கோமா நோய்க்கு அதுதான் காரணம். 1976இல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனை தொடங்கிய நம் ஊரில் அந்தப் பெயரைப் பெரியவர்கள் கேட்டிருப்பார்கள். பொதுச் சுகாதாரச் சிக்கல் என்ற நிலையிலிருந்து டிரக்கோமாவை இந்தியா ஒழித்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது 2024இல்தான்.

அந்தக் கிளமிடியாவிலும் டிரிப்டோபேனைப் பார்த்து வேலை செய்யும் அடக்கி ஒன்று இருக்கிறது. ஐந்து படிப் பாதையை அது எப்போதோ கைவிட்டுவிட்டது. மிச்சம் வைத்திருப்பது கடைசிப் படி நொதியை. இண்டோல் கிடைத்தால் அதை டிரிப்டோபேனாக மாற்றும் நொதி அது. பிறப்புறுப்பைத் தாக்கும் வகைகளில் அந்த நொதி நன்றாக வேலை செய்கிறது. ஆய்வகத்தில் அவற்றை டிரிப்டோபேனுக்குப் பட்டினி போட்டுவிட்டு இண்டோல் கொடுத்தால் பிழைத்துக்கொள்கின்றன. எங்கள் சோதனைக் குழாயில் சிவப்பு வளையம் போட்ட அதே இண்டோல். ஈ. கோலை போல இண்டோலை வெளிவிடும் பாக்டீரியாக்கள் அக்கம்பக்கத்தில் இருக்கும் இடம் அது. கண்ணைத் தாக்கும் வகைகளில் அந்த மரபணு சிதைந்து கிடக்கிறது. அவற்றுக்கு இண்டோல் கொடுத்தாலும் டிரிப்டோபேன் செய்துகொள்ளத் தெரியாது.